பட்டி மாட்டுக்கும் வளவு ஆட்டுக்கும் பூச்சி மருந்து: எது எதைக் கொல்கிறது, எப்படிக் கொடுப்பது

“அண்ணன், ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஒன்று தாங்க.” செங்கலடியிலும் சரி, அக்கரைப்பற்றிலும் சரி, கடையில் நாம் இப்படித்தான் கேட்கிறோம். கடைக்காரரும் கைக்கு வந்த போத்தலைத் தருகிறார். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் பொதுவான மருந்து என்று ஒன்று கிடையாது. வட்டப்புழுவை முடக்கும் ஐவர்மெக்டின் ஈரலில் இருக்கும் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் உண்ணியைத் தொடாது. பொருந்தாத மருந்து கொடுத்த மாடு மெலிந்துகொண்டே போகும், நாமும் “மருந்து கொடுத்தாச்சே” என்று இருந்துவிடுவோம்.

அதனால் போத்தலின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசிக்கப் பழகுங்கள். அந்த மருந்து எந்தப் பூச்சியை, அதன் உடம்பில் எந்த இடத்தில் தாக்குகிறது என்று தெரிந்தால் போதும். எவ்வளவு, எப்போது, யாருக்குக் கொடுக்கக்கூடாது, பாலை ஏன் சில நாள் ஒதுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் காரணம் அதிலிருந்தே விளங்கும். நோயைத் தீர்மானிப்பது மிருக வைத்தியரின் வேலை. அவர் சொல்வதைக் காரணத்தோடு புரிந்துகொள்ளவும், சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவும்.

முதல் படி: உங்கள் பட்டியில் இருப்பது எது?

ஆட்டில் அதிகம் உயிர் குடிப்பது ஹீமோன்கஸ் என்ற வட்டப்புழு. நாலாம் வயிற்றில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.05 மில்லி லீற்றர்தான். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி லீற்றர். இருபது கிலோ ஆடு அதைத் தாங்காது. ஒரு பெண் புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல் இடும். மாரி காலத்து ஈரச் சூட்டில் அந்த முட்டைகள் ஏறக்குறைய ஒரு கிழமைக்குள் தொற்றும் பருவத்துக் குடம்பிகளாகி, அதாவது இளம் புழுக்களாகி, புல் நுனியில் காத்திருக்கும். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் அவசியமில்லை. கண்ணின் உள்இமை வெளிறுவது, தாடைக்குக் கீழே நீர்கோத்து வீங்குவது, மந்தையில் பின்தங்கி நிற்பது இவைதான் அடையாளம்.

எருமைக் கன்றில் கதை வேறு. டொக்சோகாரா விற்றுலோரம் என்ற பெரிய வட்டப்புழு தாயின் உடம்பில் குடம்பியாக உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றதும் பால் வழியாகக் கன்றுக்குள் போகிறது. புல்லே மேயாத இரண்டு கிழமைக் கன்றுக்குள் எப்படிப் புழு வரும் என்று பலர் நம்ப மறுப்பார்கள், வருவது பாலில்தான். மூன்றாவது கிழமையில் அது முட்டையிடத் தொடங்கும். வயிறு உப்பி, நாற்றமடிக்கும் களிமண் நிறக் கழிச்சலோடு கன்று சாகும். தயிருக்காக எருமை வளர்க்கும் நம்மிடத்தில் இந்த இழப்பு தவிர்க்கக்கூடியது. கன்று பிறந்து 10 முதல் 16 நாட்களுக்குள் பைரன்டல் போன்ற மருந்தை ஒரு தடவை கொடுத்தால், புழு முட்டையிடும் வயதை அடையுமுன்னே போய்விடும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஈரல் தட்டைப்புழுவுக்கு நன்னீர் நத்தை வேண்டும். உன்னிச்சை, நவகிரி, றூகம், இறக்காமம் போன்ற குளங்களின் ஓரங்களும் வாய்க்கால்களும் நத்தைக்கு ஏற்ற இடங்கள். நத்தையிலிருந்து வெளிவரும் குடம்பி ஈரப்புல்லிலும் நெல் தாளிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். கோடையில் வேறெங்கும் புல் இல்லாமல் மாடுகள் வற்றும் குளத்தின் ஓரப்பச்சைக்கு இறங்கும்போதுதான் அதை நிறைய விழுங்குகின்றன. நம் வெப்பப் பகுதித் தட்டைப்புழு பித்தநாளத்துக்குப் போய் முதிர்ச்சியடைய மூன்று நான்கு மாதம் எடுக்கும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், மருந்தைத் தெரிவு செய்யும்போது தேவைப்படும்.

நாடாப்புழு குட்டியின் சாணத்தில் வெள்ளை அரிசி போல வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஹீமோன்கஸ் அளவுக்கு ஆபத்தில்லை.

இன்னொன்று, குட்டிகளுக்கு இரத்தம் கலந்த கழிச்சல் வந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியா என்ற ஒருகல உயிரியாக இருக்கலாம். எந்தப் புழு மருந்தும் அதைக் கொல்லாது. மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கவில்லை என்றால் இன்னொரு புழு மருந்து வாங்கக் கடைக்கு ஓடவேண்டாம்.

சந்தேகம் இருந்தால் சாணத்தைப் பரிசோதிக்கலாம். நிலத்தில் கிடப்பதை எடுக்காமல், மிருகத்தின் ஆசனவாயிலிலிருந்து புதிதாக எடுத்து, சிறு பையில் காற்றில்லாமல் கட்டி, அன்றைக்கே குளிர்ச்சியாக மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். வெயிலில் வைத்தால் முட்டை பொரித்துவிடும், எண்ணிக்கை தவறாக வரும்.

இரண்டாம் படி: மருந்து புழுவுக்குள் என்ன செய்கிறது?

அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் ஒரு குழு. புழுவின் குடற்கலங்களுக்குள் உணவைக் கடத்த நுண்குழாய்கள் இருக்கின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் அவை கட்டப்படுகின்றன. மருந்து அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு குழாய் கட்டுவதைத் தடுக்கிறது. புழு சக்கரைச் சத்தை எடுக்க முடியாமல் மெல்லப் பட்டினியில் சாகிறது. மெல்ல என்பதுதான் முக்கியம். மருந்து எவ்வளவு நேரம் உடம்பில் தங்குகிறதோ அவ்வளவுக்கு வேலை செய்யும். இந்தக் குழு முட்டைகளையும் கெடுக்கும் என்பது கூடுதல் நன்மை. நம் மிருகங்களின் டியூபுலினில் இது இறுக்கமாக ஒட்டாததால் ஆடு மாடு தப்பிக்கொள்கின்றன. ஆனால் வேகமாகப் பிரியும் கருவின் கலங்களுக்கு ஆபத்து உண்டு. ஆகவே சினைப்பட்ட முதல் ஒன்றரை மாதத்துக்கு அல்பென்டசோல் வேண்டாம்.

லெவாமிசோலும் பைரன்டலும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கின்றன. தசையைச் சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் வாங்கியை அவை திறந்து, திறந்தபடியே வைத்துவிடும். புழு விறைத்து, பிடிவிட்டு, குடலின் அசைவோடு வெளியே வரும். சில மணி நேரத்தில் பலன் தெரியும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. லெவாமிசோலில் ஒரு எச்சரிக்கை: அதே வகை வாங்கி நம் மிருகத்திலும் இருக்கிறது. அளவு கூடினால் ஆடு எச்சில் வடித்து நடுங்கும். ஓகனோபொஸ்பேற்று வகை மருந்தை உண்ணிக்குத் தெளித்த நாட்களில் லெவாமிசோல் கொடுத்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், உயிருக்கே ஆபத்து.

பைப்பரசின் இதற்கு நேர்மாறு. புழுவின் தசையைத் தளர்த்திவிடும். பைரன்டல் இறுக்குகிறது, பைப்பரசின் தளர்த்துகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அப்புறம் ஐவர்மெக்டின். ஜப்பானின் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதை மருந்தாக்கும் வழியைத் திறந்த வில்லியம் கெம்பலோடு அவர் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் குளோரைட்டு வாயில்களை இந்த மருந்து திறந்துவிடுகிறது. புழு தளர்ந்து, இரை உறிஞ்சும் தொண்டைகூட அசையாமல் போகும். பேன், சொறி உண்ணி, பல வட்டப்புழுக்கள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். தட்டைப்புழுவிலும் நாடாப்புழுவிலும் வேலை செய்யாது. பாலூட்டிகளிடம் அந்த வகை வாயில் இல்லை. இருக்கும் நெருங்கிய வகை மூளைக்குள் இருக்கிறது. மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் மருந்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிடும். கொலி இன நாய்கள் சிலவற்றில் அந்தத் தள்ளும் புரதம் பிறவியிலேயே பழுது, ஆகவே அவற்றுக்கு மாட்டு ஐவர்மெக்டின் நஞ்சு. எந்த நாய்க்கும் மாட்டு ஊசியை அளவு குறைத்துப் போடாதீர்கள்.

அதே சுவர் நமக்கு எதிராகவும் வேலை செய்யும் ஒரு நோய் இருக்கிறது. மாட்டின் வயிற்றறையில் தொல்லையின்றி வாழும் செற்றேரியா என்ற நூற்புழுவின் குடம்பியை நுளம்பு ஆட்டுக்குள் செலுத்திவிட்டால், அது வழிதவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் போய்விடும். நேற்றுவரை துள்ளிய ஆடு பின்னங்காலை இழுக்கும். குடம்பி நரம்புக்குள் போன பிறகு மருந்து அதை எட்டுவது கடினம். அறிகுறி கண்ட அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும் என்பது அதனால்தான்.

தட்டைப்புழுவுக்கான க்ளோசன்டல், நைற்றொக்சினில், ஒக்சிக்ளோசனைட் ஆகியவை புழுவின் இழைமணியில் சக்தி உற்பத்தியைக் குலைக்கின்றன. உணவு எரியும், ஆனால் கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. கிடைக்காது. க்ளோசன்டல் இரத்தத்தின் அல்புமின் என்ற புரதத்தில் இறுக ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் சுற்றும். அதனால் இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸையும் அது கொல்லும், இரத்தம் குடிக்காத புழு தப்பிவிடும். அளவு கூடினால் ஆட்டின் கண்பார்வை போய்விடும், திரும்பி வராது. இளம் தட்டைப்புழுவையும் கொல்லக்கூடியது ட்ரைக்ளாபென்டசோல். அல்பென்டசோல் கூடிய அளவில் கொடுத்தாலும் முதிர்ந்த தட்டைப்புழுவை மட்டும்தான் கொல்லும்.

பிராசிகுவான்டல் நாடாப்புழுவுக்குள் கல்சியத்தைப் பாயவிட்டு, தசையைச் சுருக்கி, மேற்தோலைக் கிழிக்கிறது.

மூன்றாம் படி: நிறையைக் கணியுங்கள்

கண்மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே வரும். குறைந்த அளவு மருந்து பலவீனமான புழுவைக் கொன்று, பலமானதைப் பெருகவிடும். தையற்கடை அளவுநாடா ஒன்று போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனைவரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ வரும். சுற்றளவு 55, நீளம் 48 என்றால் 220 கிலோ. ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி 50 கிலோவுக்கு 1 மில்லி லீற்றர், ஆகவே இந்த மாட்டுக்கு 4.4. தோலுக்குக் கீழேதான் போட வேண்டும், தசைக்குள் அல்ல.

வாய்வழி மருந்தில் செறிவைப் பாருங்கள். அல்பென்டசோல் 2.5 சதவீதம், 10 சதவீதம் என்று வேறு வேறாக வரும். 21 கிலோ ஆட்டுக்கு வைத்தியர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் எழுதியிருந்தால், 2.5 சதவீதத்தில் 8.4 மில்லி லீற்றர், 10 சதவீதத்தில் 2.1. பழைய போத்தலின் அளவைப் புதிய போத்தலுக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு பிழைக்கும்.

ஆடு சின்ன மாடும் இல்லை, செம்மறியும் இல்லை. ஆட்டின் ஈரல் பல மருந்துகளை விரைவாக வெளியேற்றிவிடும். அல்பென்டசோல் போன்றவற்றைச் செம்மறியைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை கொடுக்க வேண்டி வருவது அதனால்தான். லெவாமிசோலுக்கு ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. க்ளோசன்டலுக்கு இந்தப் பெருக்கல் வேண்டவே வேண்டாம். ஆட்டுக்கான அளவை லேபலில் தேடாமல் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: கொடுக்கும் முறை

போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அல்பென்டசோல் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து ஆட்டுக்குத் தண்ணீர், கடைசிப் பத்துக்கு இரட்டை மருந்து.

தலையை மேலே தூக்காமல் நேராகப் பிடியுங்கள். நாக்கை இழுக்க வேண்டாம். வாயின் ஓரத்தால் ஊசியில்லாச் சிரிஞ்சை விட்டு, நாக்கின் பின்பகுதிக்கு மேல் மெதுவாக ஊற்றுங்கள். மூங்கில் குழாயில் தலையை அண்ணாத்தி ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் மருந்து மூச்சுக்குழலுக்குள் போய் நியுமோனியாவில் மிருகம் சாகலாம். நாக்கின் முன்பகுதியில் ஊற்றினாலும் சிக்கல்தான். உணவுக்குழலின் பள்ளம் மூடிக்கொண்டு, மருந்து முதல் வயிற்றில் தங்காமல் நேரே நாலாம் வயிற்றுக்குப் போய் விரைவாகக் கழிந்துவிடும். அல்பென்டசோல் மெல்லக் கொல்லும் மருந்து என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு தீனியைக் குறைத்து, காலையில் கொடுத்தால் இன்னும் நல்லது. தண்ணீரை நிறுத்தக்கூடாது. நோயில் மிகவும் சோர்ந்ததையும் பின்மாதச் சினையையும் பட்டினி போட வேண்டாம்.

ஐந்தாம் படி: யாருக்கு, எப்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் என்ற வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. எல்லா மிருகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்தால் மிஞ்சுவது மருந்தை வென்ற புழு மட்டும். கோடையில் இன்னும் மோசம். வெயிலில் புல்தரைக் குடம்பிகள் செத்திருக்கும்போது புழுக்களின் முழுச் சந்ததியும் மிருகத்துக்குள் தப்பியதிலிருந்துதான் வரும். சிலவற்றை மருந்தின்றி விட்டால், மருந்துக்குப் பணியும் புழுக்கள் கலந்து நிற்கும்.

ஆட்டில் இதற்கு நல்ல வழி கண் இமைப் பரிசோதனை. தென்னாபிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை கண்ணின் உள்இமையைச் சிவப்பிலிருந்து வெள்ளைவரை ஐந்து நிறமாகப் பிரிக்கிறது. நான்கும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்கு. மூன்று என்றால் குட்டிக்கும் சினைக்கும் மெலிந்ததற்கும். ஒன்றும் இரண்டும் விட்டுவிடலாம். மாரியில் கிழமைக்கு ஒருமுறையாவது பாருங்கள். இது இரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும் பொருந்தும்.

தட்டைப்புழுவுக்கு நாட்காட்டி உதவும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைப் பக்கமிருந்து வயலுக்கும் குளத்தோரத்துக்கும் திரும்புகின்றன. மாரியில் விழுங்கியவை சித்திரை, வைகாசியில் முதிர்ந்திருக்கும். முதிர்ந்ததை மட்டும் கொல்லும் மருந்தை மாசியில் கொடுத்தால் பாதி வீண். அடுத்த மழைக்கு முன், புரட்டாதியளவில், சாணப் பரிசோதனையில் முட்டை தெரிந்தால் மறுபடி கொடுக்கலாம். மழையோடு நத்தைக்குப் போகும் முட்டை குறையும்.

வளவில் கட்டி வளர்க்கும் ஆட்டுக்கு மருந்தைவிட மலிவான வழி குழைதான். குடம்பிகள் நிலத்தை ஒட்டிய சில அங்குலப் புல்லிலேயே இருக்கும். பூவரசு, சீமைக்கிளுவை, இப்பில் குழையை ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பனி காய்ந்த பின் மேயவிடுங்கள்.

உண்ணி

மாட்டு உண்ணி குஞ்சிலிருந்து முதிர்ச்சிவரை ஒரே மாட்டில் மூன்று கிழமை இருந்து, இரத்தம் குடித்து விழுந்து, நிலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒருதடவை தெளிப்பது போதாததும், மூன்று கிழமை இடைவெளி சொல்லப்படுவதும் இதனால்தான். அமிட்ராஸ் உண்ணியின் ஒக்ரோபமின் வாங்கியைத் தூண்டி, அது வாயை எடுத்து விழும்படி செய்யும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் நரம்பின் சோடியம் வாயிலை மூடவிடாமல் வைத்து ஓயாத இழுப்பில் கொல்லும். அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்றால் லீற்றருக்கு 2 மில்லி லீற்றர். அன்றன்றைக்குக் கலந்து, காதுக்குள், வாலடியில், தொடையிடுக்கில், மடியைச் சுற்றி நனையத் தெளியுங்கள். முதலில் தண்ணீர் காட்டிவிட்டால் தெளித்ததை நக்கிக் குடிக்காது. உங்களுக்குக் கையுறையும் முகமறைப்பும் வேண்டும்.

வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை மாட்டில் தெளிக்கவே கூடாது. செறிவும் கலவையும் வேறு, மாடும் மனிதரும் செத்துப்போகலாம். தெளித்த எருமையை அன்றைக்குத் தண்ணீரில் இறக்காதீர்கள், கழுவிய நீரை வாய்க்காலில் விடாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ரின் வகையும் ஐவர்மெக்டினும் இறாலுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. நம் வாய்க்கால் பலவும் கடைசியில் வாவியில்தான் போய்ச் சேருகின்றன.

பாலும் தயிரும்

மருந்து பாலில் வரும். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைந்து தங்குவதால் பால் கறக்கும் பசுவுக்கு வேண்டாம். க்ளோசன்டலும் அப்படியே. ஈப்ரினோமெக்டின் என்ற உறவு மருந்து பாலில் மிகக் குறைவாகவே வருவதால் கறவைக்கு அனுமதிக்கப்பட்டது. அன்ரிபயோற்றிக் கலந்த பாலில் தயிர் உறையாது, நமக்குத் தெரிந்துவிடும். புழு மருந்து கலந்த பால் வழக்கம்போல உறையும். காய்ச்சினாலும் ஐவர்மெக்டின் போகாது. லேபலில் போட்ட நாட்களை எண்ணுவதைத் தவிர வேறு சோதனை வீட்டில் இல்லை. அந்த நாட்களுக்குள் சட்டியில் ஊற்றாதீர்கள்.

கடைசிப் படி: மருந்து வேலை செய்ததா?

அல்பென்டசோல் குழுவைச் சேர்ந்த தியாபென்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது. 1964இலேயே அதை எதிர்த்து நிற்கும் ஹீமோன்கஸ் பதிவாகிவிட்டது. டியூபுலினில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து ஒட்டாது. மருந்து கொடுக்கும் நாளில் பத்து ஆட்டின் சாணமும், 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளின் சாணமும் பரிசோதித்து, முட்டை 95 சதவீதமாவது குறைந்ததா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குறையவில்லை என்றால் அளவும் முறையும் சரியாக இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை சரி என்றால் குழுவை மாற்ற வேண்டும். அல்பென்டசோலை விட்டு ஃபென்பென்டசோல் வாங்குவது குழு மாற்றம் ஆகாது, போத்தல் மாற்றம்தான்.

சந்தையிலோ அயலிலோ புதிதாக ஆடு வாங்கினால் மந்தையோடு உடனே சேர்க்காதீர்கள். எங்கோ வளர்ந்த எதிர்ப்புப் புழு நம் வளவுக்குள் வருவது பெரும்பாலும் அப்படித்தான். வைத்தியரின் சொல்படி வேறு வேறு குழுவைச் சேர்ந்த இரண்டு மருந்தை ஒரே நாளில் கொடுத்து, இரண்டு நாள் புல் இல்லாத தரையில் குழை போட்டுக் கட்டுங்கள். அந்த இரண்டு நாள் சாணத்தையும் கூட்டி எடுத்து ஆடு மேயாத இடத்தில் புதைத்துவிடுங்கள். இரண்டு கிழமை தனியாக வைத்து, சாணத்தில் முட்டை இல்லை என்று தெரிந்த பின் மற்ற ஆடுகளோடு விடலாம்.